பதினேழாம் பக்கத்துப் பனிமனிதன்: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு நாள் என் மகளின் பள்ளிப்பையில் இரண்டு புதிய பொருட்கள் இருந்தன. ஒன்று நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய சுற்றறிக்கை. மற்றது ‘குளிர்காலம்’ என்று அட்டையில் அச்சிட்ட வழவழப்பான பயிற்சி நூல். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் படிக்கும் இளம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமைதோறும் நடந்த அறிவியல் செய்முறை நேரம் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தப்படுவதாகவும், அந்த நேரத்தில் பிள்ளைகள் இந்த நூலை நிறைவு செய்வார்கள் என்றும், நூலின் விலை 450 ரூபாயைக் கட்டணத்தோடு சேர்த்துச் செலுத்த வேண்டும் என்றும் சுற்றறிக்கையில் இருந்தது. மொத்தம் நான்கு வரி.

நூலின் பதினேழாம் பக்கத்தில் ஒரு பனிமனிதன் நிற்கிறான். ஓரத்தில் ஒரு கேரட் படம். வெட்டி எடுத்து அவனுக்கு மூக்கு ஒட்ட வேண்டும். என் மகள் அதை அவன் வயிற்றில் ஒட்டியிருந்தாள். பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

அவளுக்கு எட்டு வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. கேரட் மூக்கு வைத்த ஆளை அவள் எங்கே பார்த்தாள்? கேரட் குழம்புக்குள் போவதைப் பார்த்திருக்கிறாள், குழம்பு வயிற்றுக்குள் போவதைப் பார்த்திருக்கிறாள். நான் அந்தத் தாளைத் திருத்தியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

நான் ஐஸ் ஆலைத் தொழிலாளி. பத்தொன்பது வருடங்களாக மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் பார், அதாவது பெரிய ஐஸ் கட்டி, இறக்குகிறேன். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ஆனால் குளிர் என்றால் என்ன என்பதில் உங்கள் பயிற்சி நூலை எழுதியவரைவிட எனக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும் என்று நினைக்கிறேன். இந்த மடலை எழுதும் துணிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

நிறுத்தப்பட்ட அந்த வகுப்பில் என்ன நடந்தது என்பதை உங்களில் யாரும் வந்து பார்த்ததில்லை. மூன்று வருடங்களாக, ஐப்பசி முதல் தை வரை, மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமையாவது நான் போயிருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

முதல் வருடம் டீச்சர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு ஐஸ் பார். ஆலையில் தகர டின்னுக்குள் தண்ணீரை நிரப்பி, உறைநிலைக்கும் கீழே குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டியில் இறக்கி வைப்போம். தண்ணீர் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி உறையும். உள்ளே கரைந்திருக்கும் காற்றும் அழுக்கும் நடுவே ஒதுங்குவதால் பாரின் ஓரம் கண்ணாடி போலவும் நடு வெள்ளையாகவும் இருக்கும். இதை நான் பத்தொன்பது வருடங்களாகப் பார்க்கிறேன். ஆனால் நடு ஏன் வெள்ளை என்று யோசித்ததில்லை. அன்று வகுப்பில் பேச்சு வராத ஒரு பையன் பாரின் ஓரத்தில் விரலை வைத்து, அப்படியே நடுவரை இழுத்து, வெள்ளை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, டீச்சரின் முகத்தைப் பார்த்தான். அவன் கேட்ட கேள்வி அதுதான். பதில் தேடி நான்தான் மறுநாள் எங்கள் ஆலை மெக்கானிக்கிடம் போனேன்.

பாரை மூன்று துண்டாக உடைத்தோம். ஒன்றைத் தட்டில் திறந்து வைத்தோம். ஒன்றை மரத்தூளில் புதைத்தோம். மூன்றாவதை யாரோ பாட்டியின் கம்பளிச் சால்வையில் சுற்றினோம். எது முதலில் உருகும் என்று கேட்டார் டீச்சர். பேசத் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் சால்வையைக் காட்டினார்கள். நானும் மனதுக்குள் சால்வை என்றுதான் நினைத்தேன். மரத்தூளில் ஐஸை மூடி வைப்பது என் அன்றாட வேலை, இருந்தும் சால்வை என்றதும் சூடுதான் நினைவுக்கு வந்தது. மதியம் சோறு உண்டுவிட்டு வந்து பார்த்தால் திறந்து வைத்த துண்டு பாதியாகிவிட்டது. சால்வைக்குள் இருந்தது கம்பீரமாகக் கிடந்தது. கம்பளிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. வெளிச்சூட்டை உள்ளேயும் உள்சூட்டை வெளியேயும் போகவிடாமல் அது தடுக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் பயிற்சி நூலின் ஒன்பதாம் பக்கத்தைத் தயவுசெய்து திருப்பிப் பாருங்கள். ‘கம்பளி உடை நமக்கு வெப்பம் தருகிறது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் தங்கள் கையால் தவறென்று கண்டுபிடித்த ஒன்றை, 450 ரூபாய் வாங்கிக்கொண்டு சரியென்று கோடிட்ட இடத்தில் எழுத வைக்கிறோம்.

இன்னொரு வாரம் உப்பு. ஐஸ் துண்டின் மேல் ஒரு நூலிழையைக் கிடத்தி, நூலின் மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, நூறு எண்ணும்வரை காத்திருந்து நூலைத் தூக்கினால் ஐஸ் துண்டு கூடவே தொங்கிக்கொண்டு வரும். உப்பு பட்ட இடம் உருகி, அடுத்த நொடிகளில் நூலைச் சுற்றி மறுபடி உறைந்துவிடுகிறது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை. தூண்டில் என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் மடித்தட்டுக்கும் தூண்டில் எட்டும்படி நூலை நீளமாக வெட்டிக் கொடுத்தோம். அந்த ஒரு சிட்டிகை உப்பைப் பற்றி டீச்சர் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் கூடினால்தான் உப்பை எடுக்க முடியும். பென்சில் பிடிப்பதும் அதே மூன்று விரல்தான். கைவிரல் தசை தளர்ந்த பிள்ளைகளுக்கு அது பயிற்சி. உப்பு எடுத்து எடுத்துத்தான் என் மகள் பென்சில் பிடித்தாள். அந்தப் பென்சிலைக் கொண்டு இப்போது பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறீர்கள்.

அவளுடைய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுவரை அவள் ஒற்றைச் சொற்களாகத்தான் பேசினாள். அம்மா, தா, வா, சோறு. இரண்டு சொல்லை இணைப்பதற்குப் பேச்சுப் பயிற்சியில் ஏறத்தாழ ஒரு வருடம் படம் படமாகக் காட்டினார்கள். இணையவில்லை. இரண்டாம் வருட மார்கழியில், காலையில் தன் பெயர் எழுதிய கிண்ணத்தில் வைத்த ஐஸை மதியம் போய்த் தேடினாள். கிண்ணத்தில் தண்ணீர்தான் இருந்தது. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்பைச் சுற்றி எல்லாரிடமும் காட்டினாள். “ஐஸ் இல்லை” என்றாள். “ஐஸ் இல்லை.” டீச்சர் எனக்கு போன் செய்தபோது நான் துறைமுகத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். போனில் அவள் அதை மூன்றாவது முறை சொன்னதை நானே கேட்டேன். அதற்குப் பிறகு அம்மா இல்லை, சோறு இல்லை, மழை இல்லை என்று வீட்டில் எல்லாம் இல்லாமல் போனது. இல்லை என்ற சொல்லுக்கு இவ்வளவு கொண்டாட்டம் எந்த வீட்டிலும் நடந்திருக்காது.

ஒரு பொருள் கண்முன் இருந்து, கைக்குள் சில்லிட்டு, பிறகு காணாமல் போனால்தான் சில பிள்ளைகளுக்கு மொழி வருகிறது. அச்சிட்ட ஐஸ் உருகுவதில்லை. உங்களிடம் நான் சொல்ல வந்ததே இதுதான்.

செய்முறை வகுப்பை நிறுத்தியதற்குக் காரணம் கேட்டு அலுவலகத்துக்கு இரண்டு முறை வந்தேன். மூன்று காரணங்கள் சொன்னார்கள்.

பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கிறதாம். சளியை வைரஸ் கொண்டுவருகிறது, ஐஸ் கொண்டுவருவதில்லை. மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் இருபது பேர் உட்கார்ந்தால் பயிற்சி நூல் எழுதினாலும் சளி பிடிக்கும். நெஞ்சுச்சளி, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. என் மகளுக்கும் பிறவியிலேயே இதயத்தில் துளை இருந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதனால்தான் ஈரமான சட்டையை மாற்ற மாற்றுடை, துடைக்கத் துண்டு எல்லாம் அம்மாக்கள் கொடுத்தனுப்பினார்கள். ஆலை ஐஸ் மீனுக்குப் போடுவது, வாயில் வைக்கக் கூடாதது என்பதால் பிள்ளைகளின் கைக்குப் போகும் ஐஸை வீட்டில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் என் மனைவி உறைய வைத்துத் தந்தாள். பார் ஐஸ் பார்ப்பதற்கும் தட்டுவதற்கும் மட்டும்.

ஆபத்து என்றும் சொன்னார்கள். இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. போன வருடம் நடந்தது என் தவறு என்பதை எல்லார் முன்பும் எழுதிவிடுகிறேன். எவர்சில்வர் டம்ளரில் நொறுக்கிய ஐஸோடு மூன்றில் ஒரு பங்கு உப்பைக் கலந்தால் பூஜ்ஜியத்துக்கும் பல டிகிரி கீழே போய்விடும். டம்ளரின் வெளிப்புறத்தில் காற்றிலிருக்கும் ஈரம் தண்ணீராகப் படியாமல் வெள்ளைப் பொடியாகப் படியும். உண்மையான உறைபனி அது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகாமல் கன்னியாகுமரி மாவட்டத்தில் உறைபனியைக் கண்ணில் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அந்த ஆர்வத்தில் டம்ளரைத் தாங்கியில்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டேன். ஒரு பையன் ஈர விரலை அதில் வைத்தான், விரல் ஒட்டிக்கொண்டது. தொடு உணர்வு குறைந்த பிள்ளை. அவன் அழவில்லை. அழாததுதான் என் வயிற்றைக் கலக்கியது. டீச்சர் பதறாமல் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விரலை விடுவித்தார். மாலைவரை சிவந்திருந்தது. அன்றிரவே அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மா அடுத்த வெள்ளிக்கிழமையும் அவனை அனுப்பினார். அதற்குப் பிறகு டம்ளரை மரப்பெட்டியில் இறக்கி வைத்தோம், உறைபனியைக் கரண்டியால்தான் சுரண்ட வேண்டும் என்றோம், வெறும் ஐஸையும் பத்து எண்ணுவதற்குள் கையிலிருந்து வைத்துவிட வேண்டும் என்றோம். தொட மறுக்கும் பிள்ளைக்குத் துணியில் சுற்றிக் கொடுத்தோம், அதற்கும் மறுத்தால் பார்த்தாலே போதும் என்று விட்டோம். தவறு நடந்தால் விதி எழுதுவதுதான் எங்கள் ஆலையிலும் வழக்கம். அமோனியாக் குழாய் ஒருமுறை கசிந்தது என்பதற்காக ஆலையை மூடிவிட்டு ஐஸ் படம் விற்கப் போகவில்லை.

பதிவேடு என்பது கடைசிக் காரணம். ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட எழுத்துப்பணி வேண்டுமாம். உண்மையான காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் இரண்டையும் பேசும்போது எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசியவர் இதைச் சொல்லும்போது கோப்பைப் பார்த்தார்.

எழுத்து வேண்டுமென்றால் எழுத்தும் இருக்கிறது. ஐஸ் போட்ட டம்ளர் வெளியே வியர்ப்பதைப் பார்த்து, தண்ணீர் ஓட்டையில் கசிகிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். உள்ளே பீட்ரூட் சாறு கலந்து மறுபடி வைத்தோம். வெளியே வந்த துளியை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்தோம். சிவப்பு இல்லை. அப்படியென்றால் உள்ளேயிருந்து வரவில்லை, காற்றிலிருந்து வந்திருக்கிறது. காலையில் புல்மேல் இருக்கும் பனித்துளியும் அப்படி வந்ததுதான். அந்தத் துணி, பிள்ளைகளின் பெயர் எழுதி, வகுப்பறை அலமாரியில் மூன்று வருடங்களாக இருக்கிறது. ஆய்வாளருக்குக் காட்ட இதைவிட நல்ல விடைத்தாள் எது?

பனி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. இந்தப் பனி புல்லில் இறங்குகிற பனி, தலைக்குத் துண்டு கட்ட வைக்கிற பனி. உங்கள் நூலில் ஸ்லெட்ஜ் வண்டி, உறங்கும் கரடி, கம்பளிக் கையுறை எல்லாம் இருக்கின்றன. உலகத்தில் அப்படியும் ஒரு குளிர் இருக்கிறது என்று பிள்ளைகள் அறிவது நல்லதுதான், நான் எதிர்ப்பாளன் அல்லன். ஆனால் சொல்லையும் பொருளையும் ஒட்டவைப்பதே பெரும்பாடாக இருக்கும் பிள்ளைக்கு, ஒருநாளும் காணாத பொருளிலிருந்து தொடங்குவது எந்த ஊர்க் கல்விமுறை?

நம்முடைய குளிர்காலம் மெலிந்த குளிர்காலம். அதை நுணுகிப் பார்த்தால்தான் தெரியும். அறிவியலுக்கு அது குறையா என்ன? தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உறையத் தொடங்கும். மார்கழியில் கடற்கரைப் பக்கம் பாட்டிலின் அடியில் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். மலையடிவாரத்துப் பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை தன் வீட்டில் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் இறங்காது என்று நடித்துக் காட்டினாள். நம்பாத பிள்ளைகளுக்காகப் பாட்டிலோடு வந்தாள். வேனில் வரும் வழியிலேயே அது உருகிவிட, அன்று அவளுக்கு வந்த அழுகையை நாங்கள் யாரும் மறக்கவில்லை. டீச்சர் பாட்டிலை ஐஸ் தண்ணீரில் இறக்கினார். பத்து நிமிடத்தில் மறுபடி வெள்ளை. ஒரு துண்டை எடுத்து ஒவ்வொரு உள்ளங்கையிலும் வைத்தார். கைச்சூட்டில் உருகியதை அப்படியே தலையில் தேய்த்துக்கொண்டார்கள். அன்று மாலை எல்லா வீட்டிலும் தலையணை உறை எண்ணெயாகியிருக்கும், அதற்கு அம்மாக்கள் எங்களைத் திட்டலாம்.

அந்தப் பேச்சிப்பாறைப் பிள்ளையின் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார், வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறையும் என்பதால். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ரப்பர் மரம் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, செம்பு நிறத்தில் துளிர்க்கும். நம் பிள்ளைகளுக்கு இலையுதிர்வு காட்ட மேப்பிள் மரப் படம் எதற்கு? குலசேகரம் சாலையில் வேனை நிறுத்தினால் போதும். தோவாளையில் பூக்கட்டுகிற அம்மா ஒருவர், பனி விழுந்தால் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறுவதை மொட்டுகளை எண்ணி எண்ணிப் பிள்ளைகளுக்குச் சொன்னார். ஆடியில் நிற்காமல் சுற்றிய ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் மார்கழியில் பெரும்பாலும் சோம்பி நிற்பதை என் மகளே கவனித்தாள். “காத்தாடி தூங்குது” என்றாள். கரடியைப் பற்றி எனக்குத் தெரியாது, எங்கள் ஊரில் குளிர்காலத்தில் உறங்குவது காற்றாலைதான்.

நிழலும் உண்டு. பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் உயரக் கம்பை நட்டு, நண்பகலில் நிழலின் நுனியில் ஒரு கல் வைத்தார்கள். நம் ஊரில் நிழல் மிகக் குறுகும் நேரம் டிசம்பரில் 12 மணி 20 நிமிடத்தை ஒட்டி வரும். ஜூன் மாதம் மேகம் விலகிய ஒரு நாளில் வைத்த கல் கம்புக்குத் தெற்கே, 30 சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. டிசம்பர் மூன்றாம் வாரத்துக் கல் வடக்கே, 60 சென்டிமீட்டரைத் தாண்டி. சூரியன் ஆனியில் நம் தலைக்கு வடக்கேயும் மார்கழியில் தெற்கேயும் போவதற்கு அந்த இரண்டு கல்லும் சாட்சி. தமிழ்நாட்டில் தென்கோடியில் இருக்கும் நமக்கு ஜூன் மாதத் தெற்கு நிழல் நன்றாகவே தெரியும், டெல்லிப் பிள்ளைக்கு ஒருநாளும் கிடைக்காத காட்சி அது. போன மாதம் முற்றத்தைச் சிமெண்ட் பூசியபோது கம்பைப் பிடுங்கிவிட்டார்கள். கற்களையும் வாரிக் கொட்டிவிட்டார்கள்.

தேரூர்ப் பயணத்தையும் இந்த வருடம் ரத்து செய்திருக்கிறீர்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. எங்கிருந்தெல்லாமோ பறவைகள் குளிருக்குத் தப்பி நம் குளத்துக்கு வருகின்றன. நமக்கு நடுக்கமாக இருப்பது அவற்றுக்கு இதமாக இருக்கிறது. சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டே இருக்கும் ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவன் போன வருடம் குளக்கரையில் முக்கால் மணி நேரம் கையை எடுத்துவிட்டு நின்றான். ஆலாப் பறவைகள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேன் வாடகையை நாங்கள் பங்கிட்டுக் கொடுத்தோம், பள்ளிக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

சட்டத்தை எடுத்துக்கொண்டு உங்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அதை நீங்கள் படித்திருக்கிறீர்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் சட்டம், 2016, பதினாறாம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கும் ஏற்ற வசதியைச் செய்து தர வேண்டும் என்கிறது. ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கவனித்துவர வேண்டும் என்கிறது. எல்லாருக்கும் ஒரே நூலை வாங்கிக் கொடுப்பது எந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்றது? அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கையால் செய்து பார்க்கும் அறிவியலுக்காக 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கே செய்து பார்ப்பது அவசியம் என்று அரசு நினைக்கும்போது, கையாலும் தோலாலும் மட்டுமே படிக்கிற நம் பிள்ளைகளிடமிருந்து நாம் அதைப் பறிக்கிறோம்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்த மடலை எழுதச் சொல்லி வகுப்பு டீச்சர் என்னைத் தூண்டவில்லை. நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பார். இதன் பொருட்டு அவரிடம் விளக்கம் கேட்டு ஒரு தாள் போனாலும், அடுத்த மடல் இவ்வளவு பொறுமையாக இருக்காது.

எங்கள் கோரிக்கைகளை எழுதுகிறேன். இதற்குக் கீழே பதினோரு பெற்றோர் கையெழுத்திட்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை செய்முறை நேரத்தை உடனே, தை பிறப்பதற்கு முன்பே, திருப்பித் தாருங்கள். வாரம் ஒன்றரை மணி நேரம்தான் கேட்கிறோம். பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புகளைப் பார்த்து, யார் எதைத் தொடலாம், எவ்வளவு நேரம், யாருக்கு எது கூடாது என்று ஒரு பக்கத்தில் பாதுகாப்பு விதி எழுதுங்கள். உங்கள் பிசியோதெரபிஸ்டும் டீச்சரும் நாங்களும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடியும். என் டம்ளர் கதையை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்குப் பதிவேடு வேண்டுமென்றால், ஒரு பிள்ளைக்கு ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒரு வரி என்று பதிவேடு போடுங்கள். ‘இன்று உப்பை மூன்று விரலால் எடுத்தான்.’ அந்த வரியை எழுத உதவிக்கு ஒரு பெற்றோர் முறை வைத்து வருவோம்.

பயிற்சி நூலுக்கான 450 ரூபாயை வேண்டாம் என்கிற பெற்றோரிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே கட்டியவர்களுடைய பணத்தைத் திருப்பித் தாருங்கள், அல்லது அந்தப் பணத்தில் இளம் வகுப்புக்குப் பெரிய மூடியுள்ள ஒரு தெர்மாகோல் பெட்டியும், ஆறு மரத்தட்டுகளும், ஒரு வெப்பமானியும் வாங்குங்கள். முற்றத்தில் சிமெண்டைத் தோண்டி, பிடுங்கிய கம்பை நடுங்கள். டிசம்பர் 21 தாண்டுவதற்குள் நட்டால் இந்த வருடத்துக் கல்லையும் வைத்துவிடலாம். தேரூர்ப் பயணத்துக்குத் தை மாதத்தில் ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள், வேன் எங்கள் பொறுப்பு.

கடைசியாக, இனி இளம் வகுப்பின் பாட முறையில் எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். உங்களில் ஒருவராவது ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

வருகிற வியாழக்கிழமை எனக்கு இரவு ஷிப்ட். வெள்ளிக்கிழமை காலையில் ஆறு மணிக்கு வேலை முடியும். ஒன்பதரை மணிக்கு ஐஸ் பெட்டியோடு பள்ளி வாசலில் நிற்பேன். மரத்தூளில் வைத்துக் கொண்டுவருவதால் பதினோரு மணிவரை தாங்கும். அதற்குள் கதவைத் திறந்துவிடுமாறு வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
இளம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பன்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.